குறட்டை நின்ற பிறகு

கண்ணு,

நேற்று நீ கோபத்தில் போனை வைத்த பிறகு, என் போனை வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் முடிந்து உன்னை மலையிலிருந்து கீழே அழைத்துக்கொண்டு போகும்போது வண்டியைச் செல்வம் ஓட்டட்டும் என்று நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை. செல்வம் உன் பெரியப்பா மகன், நன்றாக ஓட்டுகிறவன், அது உனக்கும் தெரியும். ஆனாலும், "நீங்க ஓட்டுனாத்தான் ஏறுவேன், இல்லாட்டி நடந்தே எறங்கிக்கிறேன்" என்றாய். பிறகு, "ஏனுங்கப்பா, மாப்பிள்ளைய உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் என்னைத் தைத்துவிட்டது. நான் பதில் சொன்னேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு என் பேச்சு மூக்கால் வருகிறதல்லவா, போனில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. மீதியைச் சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது என் குரல் எனக்குப் பழைய குரலாகவே கேட்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முதல் தடவை மலையேறி வந்தபோது, வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "ரோடு நல்லா இருக்குதுங்க மாமா" என்று சொன்ன பையனை யாருக்குத்தான் பிடிக்காது? அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் தூக்கத்தின் மேல்தான். அந்தக் கதையை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம். உன் அம்மாவும் நானும் கலந்து பேசித்தான் மீதியைத் தள்ளிப் போட்டோம். நீ புது வேலையில் சேர்ந்திருந்தாய், கோயமுத்தூரில் தனியாக இருந்தாய், எதற்குக் கலங்க வேண்டும் என்று நினைத்தோம். இப்போது நீ தப்பாகப் புரிந்துகொண்டு கலங்குவதைவிட, உள்ளதைத் தெரிந்துகொண்டு கலங்கினால் பரவாயில்லை.

நான் உனக்குக் கொடுத்த வாக்கு எனக்கு மறக்கவில்லை. நீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில், லீவு முடிந்தால் நான்தான் உன்னைக் கொண்டுபோய் விடுவேன். சோளக்காடு தாண்டியதும் பேச ஆரம்பித்தால் அடிவாரத்தில் காரவள்ளி வரும்வரை ஓயமாட்டாய். ஒருமுறை மூடுபனி இறங்கி முன்னால் எதுவுமே தெரியவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக மெல்ல உருட்டிக்கொண்டு வந்தேன். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியாத வெள்ளை. அந்த வெள்ளைக்குள் உன் குரல் மட்டும் வந்தது. "என்னையக் கட்டிக்குடுக்கிறப்பவும் நீங்கதானுங்கப்பா ஓட்டோணும்." "பின்ன வேற எவன் ஓட்டுவான்?" என்றேன். அப்போது உனக்கு என்ன வயது, கல்யாணம் என்றால் என்ன தெரியும்? ஆனால் நீ ஒன்றைப் பிடித்தால் விடுகிறவளா.

என் குறட்டை மலைமேல் நம் குண்டூர் நாடு முழுக்கப் பிரசித்தம் என்பதும் உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்பே ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் பலாத் தோப்பில் கரடி இறங்கிவிட்டது என்று தடியும் டார்ச்சுமாக வந்து, சத்தம் நம் வீட்டுக்குள்ளிருந்து வருவதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். எங்களுக்கு அது கேலிக்கு ஆன விஷயம், அவ்வளவுதான். பகலெல்லாம் ஜீப்பில் மிளகும் மரவள்ளிக் கிழங்கும் ஆட்களுமாக ஏற்றி இறக்குகிற மனுஷன், அலுத்துப்போய்த் தூங்குகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் அம்மா மட்டும் தூக்கத்திலும் ஒரு காதை என் பக்கம் வைத்திருப்பாள். குறட்டை ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுபோகும். அப்போது முழங்கையால் என் விலாவில் ஒரு இடி. நான் ஒரு திணறலோடு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன். காலையில் விலா வலிக்கிறது என்பேன். "வலிச்சாப் பரவால்லீங்க, மூச்சு வந்துச்சில்ல" என்பாள். இவ்வளவு காலம் அவள் என்னை இடித்து இடித்தே உயிரோடு வைத்திருந்தாள் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் உறைத்தது.

பிறகு பகலிலும் ஒரு தூக்க மயக்கம் வர ஆரம்பித்தது. சந்தையில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே தூங்கிப் போய்விடுவேன். எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் தூரமாகிவிடும். நீதான் வற்புறுத்திச் சேலத்துக்கு அனுப்பினாய். உடம்பெல்லாம் வயரை ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, ஸ்லீப் ஆப்னியா என்று பெயர், மூக்கில் மாஸ்க் போட்டுக் காற்றைச் செலுத்துகிற மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நம் மலையில் கரண்ட் எப்படி என்று அவருக்கு எங்கே தெரியும். நாலு தூறல் போட்டால் லைன் விழுந்துவிடும். "கரண்ட நம்பி மூச்சு விட முடியாதுங்க, வேற வழி சொல்லுங்க" என்றேன். ஆபரேஷன் ஒரு வழி, ஆனால் அது எல்லாருக்கும் முழுசாகப் பலன் தராது என்று அவர் சொன்னதை நான் பாதிக் காதில் வாங்கினேன். வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வண்டிக்காரன் புத்தி அது. கழற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிற புத்தி.

உள்நாக்கையும் அதைச் சுற்றியிருந்த தளர்ந்த சதையையும் எடுத்தார்கள். கஞ்சி குடித்தால் தொண்டை எரியும், அவசரப்பட்டுத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். நீ லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாய், அதெல்லாம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உன் அம்மாவிடம், "புண் ஆறினதும் மறுபடி ஒரு டெஸ்ட் எடுக்கணும், மறக்காம கூட்டிட்டு வாங்க" என்றார். உனக்குத் தெரியாத கதை இங்கே ஆரம்பிக்கிறது. நாங்கள் போகவில்லை. ஏனென்றால் குறட்டை நின்றுவிட்டது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? வீடே வேறு வீடாகிவிட்டது. ஓட்டின் மேல் பனிச் சொட்டு விழுவதும், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களில் காற்று நடப்பதும் கேட்டது என்று உன் அம்மா காலையில் சொல்வாள். முதலில் அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை. குழந்தை மாதிரிக் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் எழுந்தால்கூடத் தெரியாது. அவளுடைய காதுக்கு லீவு கொடுத்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரிலும் கேலி நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், "கரடியக் காணமேப்பா, காடு மாறிருச்சா?" என்று கேட்டார். எனக்குப் பகலில் அசதி மட்டும் போகவில்லை. ஆபரேஷன் பண்ணின உடம்பு, வயசும் ஆகிறது, போகப் போகச் சரியாகும் என்று ஜீப்பை எடுத்துவிட்டேன்.

அன்று மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானும் உன் அம்மாவும் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல பகல். மூடுபனியும் இல்லை, மழையும் இல்லை. உன் அம்மா மடியில் அன்னாசிப் பழத்தை வைத்துக்கொண்டு, உனக்கு அனுப்ப வேண்டிய சாமானைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ரோடு நேராகப் போனது. இரண்டு பக்கமும் பச்சையாக ஏதோ விளைந்திருந்தது, நெல் போலவும் இருந்தது, சாமை போலவும் இருந்தது. வண்டி சத்தமே இல்லாமல் போனது. அவ்வளவு சுகமான ரோட்டில் நான் ஓட்டியதே இல்லை. கண்ணு, இந்த மலையில் நேராகப் போகிற ரோடு எங்கே இருக்கிறது? எழுபது கொண்டை ஊசி வளைவில் எந்த இடத்தில் அப்படி ஒரு ரோடு? "ஏனுங்க!" என்று உன் அம்மா போட்ட சத்தத்தில் ரோடு மடங்கியது. எதிரே வளைவின் கைப்பிடிச் சுவர். பிரேக்கில் ஏறி நின்றேன். பம்பர் சுவரில் இடித்து வண்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

இறங்கி அந்தச் சுவரிலேயே இருவரும் உட்கார்ந்தோம். அன்னாசிப் பழம் உருண்டு ரோட்டோரம் கிடந்தது. உன் அம்மா என் பக்கம் திரும்பி, "கண்ணு தொறந்துதானுங்க இருந்துச்சு. தொறந்த கண்ணோட நேரா போறீங்க. நான் பேசுறதுக்கு 'ம்' கூடப் போட்டீங்க" என்றாள். நான் தூங்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். தூக்கம் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. கொட்டாவி இல்லை, கண் சொக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பயம். பிறகு அவள் சொன்னாள்: "உங்க கொறட்டை நின்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கோணும். சத்தம் இருந்தவரைக்கும் எப்ப நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்ப மூச்சு நிக்கிறது எனக்கே தெரியறதில்லை." செல்வத்தை போனில் கூப்பிட்டு வரச் சொன்னோம். அவன் வந்து வண்டியைத் திருப்பினான். அன்றைக்குச் சாவியை அவன் கையில் கொடுத்தவன்தான்.

மறுபடி டெஸ்ட் எடுத்தபோது டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். ஆபரேஷனில் குறட்டைச் சத்தம் போனது, மூச்சு நிற்பது கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. அதனால் உன்னிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீ ஒரு புது வீட்டுக்குப் போகிறாய். சண்டை போடுகிற நாட்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை, நீ எங்கள் வீட்டுப் பெண், உனக்கு அது வரும். சத்தம் நின்றுபோகிற நாட்களைக் கவனி. அவர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டாலோ, நீ கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் கோபப்படாமல் விட்டாலோ, வீடு அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதே. பக்கத்தில் போய் என்ன என்று கேள். வேண்டுமானால் விலாவில் ஒரு இடி கொடு, உன் அம்மாவுக்கு அதில் நல்ல பழக்கம், கேட்டுக்கொள். இன்னொன்றும் உண்டு. உனக்கு என் கழுத்து, என் தாடை. நாளைக்கு நீ குறட்டை விடுகிறாய் என்று அவர் சொன்னால் வெட்கப்பட்டுக் கோபித்துக்கொள்ளாதே. மூச்சு நிற்கிறதா என்று பார்க்கச் சொல். பொம்பளைப் பிள்ளை குறட்டை விடுவதா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மிஷினுக்கு வந்த கதையைச் சொன்னால் நீயே சிரிப்பாய். ஆபரேஷனுக்கு முன்பே அதை வாங்கியிருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கதவு மாதிரிச் சதை இருக்குமாம். மூக்கில் காற்று போனால் அது வாய்ப் பக்கம் சாத்திக்கொண்டு காற்றைத் தொண்டைக்கு அனுப்புமாம். எனக்கு அந்தக் கதவைத்தான் வெட்டிச் சிறிதாக்கிவிட்டார்கள். மாஸ்க் வழியே காற்று மூக்கில் நுழைந்ததும், தொண்டைக்குப் போகாமல் வாய் வழியாகப் புர்ரென்று வெளியே வந்தது. பழைய குறட்டையே தேவலை என்கிற மாதிரி ஒரு சத்தம். வாய் மூடியிருக்க வேண்டும் என்று தாடையைத் தூக்கிக் கட்டுகிற பட்டை கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே என்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல இருந்தது. உன் அம்மா, "அவுத்துப் போடுங்க சாமி, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். உதட்டு ஓரத்தில் காற்று அப்போதும் கசிந்தது. காலையில் தொண்டை மண்சட்டி மாதிரிக் காய்ந்து கிடக்கும். பல நாள் நடுவிலேயே பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

தொண்டை காயாமலிருக்க அந்த மிஷினில் தண்ணீர் ஊற்ற ஒரு டப்பா உண்டு. தண்ணீர் சூடாகி, ஈரக் காற்றாக வரும். அங்கேதான் மலைக்காரன் மூளை வேலை செய்தது. வெறும் தண்ணீர் ஆவியாகி வந்தால் என்ன புண்ணியம், மருந்துத் தண்ணீராக இருந்தால் தொண்டைக்கு இதம்தானே என்று யோசித்தேன். நம் தோட்டத்து மிளகு நாலைத் தட்டி, தூதுவளையைப் போட்டு, கொதிக்க வைத்து, வடிகட்டி ஊற்றினேன். உன் அம்மாவும் கூட இருந்து துணியில் வடிகட்டிக் கொடுத்தாள், அவளை விட்டுவிடாதே. மாஸ்க்கைப் போட்டுப் படுத்தேன். ஆறியும் ஆறாத தொண்டைக்குள் மிளகுக் காற்று அமோகமாக இறங்கியது. நான் தும்மிய தும்மலில் மாஸ்க் கழன்று தெறித்தது. இருமல் நிற்கவே இல்லை. உன் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். மிஷினைச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்குள்ள ரசம் வெச்சீங்களா?" என்றார். டப்பாவும் குழாயும் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. சுத்தமான தண்ணீர் தவிர எதையும் ஊற்றக்கூடாது என்று உன் அம்மாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். அவளும் ரொம்ப நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

அன்றுதான் மாஸ்க்கையும் மாற்றினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். வாய் வழியாகக் காற்று வந்தாலும் அது மாஸ்க்குக்குள்ளேயேதான் இருக்கும், வெளியே போக வழியில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் தொண்டைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று மறுபடி ஓர் இரவு தூங்க வைத்து அளந்து, அழுத்தத்தைத் திருத்தி வைத்தார்கள். எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் காற்று கசிந்தது. மீசை. என் மீசை உனக்குத் தெரியும். அதன் மேல் மாஸ்க்கின் விளிம்பு உட்காரவில்லை. டாக்டரம்மா என் மீசையைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார். இரண்டு நாள் வீம்பு பிடித்தேன். மூன்றாம் நாள் சோளக்காட்டில் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மீசை இல்லாமல் வெளியே வந்ததும் காற்று மேல் உதட்டில் நேராக வந்து பட்டது. செல்வம் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று கேட்டான். கல்யாண போட்டோவில் உன் அப்பா மீசையில்லாமல்தான் நிற்பார், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்.

கரண்டுக்கும் ஒரு வழி பிறந்தது. கம்பெனி ஆளிடம் கேட்டு, மிஷினை வண்டி பேட்டரியில் ஓட்டுகிற பெட்டி ஒன்றை வாங்கினோம். சாயங்காலம் செல்வம் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பேட்டரியைக் கழற்றி என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுகிறான். விடிந்ததும் எடுத்துக்கொண்டுபோய் மாட்டுகிறான். பகலெல்லாம் ஓடி அது நிரம்பிக்கொள்கிறது. கரண்ட் போனால் வண்டியின் உயிரை வாங்கி நான் மூச்சு விடுகிறேன். மழை நாளில் கொஞ்சம் சிக்கல்தான். பேட்டரியில் ஓடும்போது தண்ணீர் சூடாவதை நிறுத்திவிட வேண்டும், காலையில் தொண்டை வறண்டிருக்கும். பொறுத்துக்கொள்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் முகத்தில் மாஸ்க்கின் தடம் மதியம்வரை இருக்கிறது. சில நாள் வயிற்றில் காற்று ஏறிக்கொண்டு ஏப்பம் விட்டே பொழுது போகிறது.

ஆனால் கண்ணு, கனவு வருகிறது! எத்தனையோ வருஷமாக எனக்குக் கனவே வந்ததில்லை. கனவு வருகிற ஆழத்துக்குப் போவதற்குள் மூச்சு நின்று நின்று உடம்பு என்னை மேலே இழுத்துவிடுமாம். இப்போது போய்க்கொண்டே இருக்கிறேன். மிஷின் காற்று மெல்ல வர ஆரம்பிக்கும், ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே நுழைகிற மாதிரி இருக்கும், பிறகு கீழே கீழே இறங்குவேன். ஒரு கனவில் ஜீப் நிறையப் பலாப்பழங்கள் ஆட்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன, செம்மேடு வந்ததும் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின, ஒன்று மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு கனவில் உன் அம்மா கல்யாணப் புடவையோடு மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் நின்று, "சாப்பிட வாரீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். காட்டுக்கு மேலே ஆகாயம் பூராவும் தண்ணீராக இருந்தது, அதில் ஒரு அலைகூட இல்லை. நீயும் வந்தாய். உனக்கு ஐந்து வயதும் இருந்தது, இப்போதைய வயதும் இருந்தது. என்னிடம் ஏதோ சொன்னாய், விழித்ததும் மறந்துவிட்டது. மறந்ததுகூட இனிப்பாகவே இருந்தது. காலையில் இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்கிறேன். அவள் வேலையை விட்டுவிட்டுக் கேட்கிறாள். மிஷினின் மெல்லிய சத்தம் இப்போது அவளுக்குப் பிடித்துவிட்டது. அது ஓடுகிறது என்றால் நான் ஓடுகிறேன் என்று அர்த்தமாம்.

பகலில் என் தலைக்குள்ளிருந்த மயக்கம் விலகிவிட்டது. போன முறை டாக்டரம்மாவிடம், "இனி வண்டி ஓட்டலாங்களா?" என்று கேட்டேன். மிஷினில் பதிவானதையெல்லாம் பார்த்துவிட்டு, "மாஸ்க் போட்டு நல்லாத் தூங்கின நாள்ல ஓட்டுங்க. தூங்காத நாள்ல சாவியத் தொடவே தொடாதீங்க" என்றார். அதன்படிதான் நடக்கிறேன். நல்ல தூக்கம் தூங்கிய நாளில் மலைமேலேயே சந்தைவரை போய்வருகிறேன். முதல் நாள் ஸ்டியரிங்கில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் செல்வம் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்படியானால் ஏன் ஓட்டமாட்டேன் என்கிறீர்கள் என்று நீ கேட்பாய். நீயே யோசித்துப் பார். விடிகாலையில் நம் கோயிலில் உனக்குத் தாலி ஏறப் போகிறது. முந்தின ராத்திரி வீடு நிறைய ஜனம், அடுப்பு அணையாது, மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்களா என்று பத்துத் தரம் கேட்பேன், உன் அம்மா எதையாவது தேடிக்கொண்டே இருப்பாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா? மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் கண் மூடுமா? மூடாது கண்ணு. அந்த ராத்திரி நான் தூங்கினால் நான் உன் அப்பனே இல்லை. மத்தியானம் உன்னைக் கொண்டுபோய் விட வண்டி இறங்கும்போது நான் தூங்காத ஆள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றும். தெம்பாகக்கூட இருக்கும். அன்றைக்குச் சுவருக்கு முன்னால் ரோடு நேராகப் போனபோதும் நான் நன்றாகத்தான் இருந்தேன். எனக்கு என்னைப் பற்றி இனி அந்த நம்பிக்கை இல்லை, அதிலும் வண்டிக்குள் நீ இருக்கும்போது இல்லவே இல்லை. கொடுத்த வாக்கைவிட எனக்கு நீ பெரிது. இதை என் வாயால் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் போனில் செல்வம் நன்றாக ஓட்டுவான் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

செல்வம் ஓட்டட்டும். மாப்பிள்ளை அவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்காரட்டும். பின்சீட்டில் உனக்கு ஒரு பக்கம் உன் அம்மா, இன்னொரு பக்கம் நான். நீ ஹாஸ்டலுக்குப் போனபோதும், காலேஜுக்குப் போனபோதும், வேலைக்குப் போனபோதும் நான்தான் உன்னை இந்த மலையிலிருந்து இறக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டு வந்தாய், நான் வளைவைப் பார்த்துக்கொண்டு 'ம்' போட்டேன். அழுதாயா சிரித்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த ஒரு தடவையாவது, ரோட்டை இன்னொருவனிடம் விட்டுவிட்டு, காரவள்ளி வரைக்கும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அப்பா